நூற்றுக்கு எத்தனை

நூறு இலைக்கு எத்தனை சுருட்டல் என்று
எண்ணி வரச் சொல்லியிருக்கிறார்கள்.
பத்துக்கு மேல் போனால் மருந்து.
பத்துக்குள் என்றால் ஒரு கோடு கிழித்துவிட்டு
அடுத்த செடிக்கு நகரலாம்.

சேலத்தில் வெயில் ஏறுமுன் பஸ் ஏறி
எத்தனையாவது கொண்டை ஊசியிலோ காது அடைத்து
எச்சில் விழுங்கி, காது திறந்து
நாகலூர்ப் பக்கம் இறங்கும்போதும்
துப்பட்டாவில் மிச்சமிருக்கிறது
அம்மாப்பேட்டைச் சாய வாசம்.

காப்பியில் இன்று மூன்று.
மிளகில் ஒன்றுமில்லை.
ஆரஞ்சில் ஏழு; அதில் இரண்டு சிலந்தி மடித்தவை,
கணக்கில் சேராது.

பழம் உரிக்கும் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது.
அதற்குப் பின்னால் சரிவு,
சரிவுக்குக் கீழே ஓடை,
ஓடைக்குள் காலை விட்டபடி
ஓர் ஆற்றுப்பாலை.
அதை யாரும் நடவில்லை, யாரும் விற்கப்போவதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
"அதுக்கெல்லாம் சம்பளம் வராதுங்க"
என்றார் மேஸ்திரி இருசப்பன்,
அட்டை ஏறிய கணுக்காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டே.

இருந்தாலும் பார்த்தேன்.

தாழ்ந்த கிளையில் ஓர் இலை
கண்டக்டர் விரலிடுக்கில் செருகிய நோட்டுப்போல
நீளவாக்கில் சுருண்டிருந்தது.
குறுக்கே வெள்ளைத் தையல், ஏழு இடத்தில்.
நூல் காயக் காயச் சுருங்கும்,
சுருங்கச் சுருங்க இலை மூடும்,
அவ்வளவுதான் அதன் பலம்.
துணி காய நான்கு நாள் ஆகும் இந்த ஈரத்தில்
எந்த வெயிலில் காயவைத்தது அதை?
மஞ்சு விலகும் அந்த அரை மணி நேரத்திலா?

நகத்தால் பிரித்தேன்.
முதல் தையல் தெறித்த சத்தம்
எனக்குக் கேட்டதாகத்தான் நினைவு.
உள்ளே கண்ணாடிப் பச்சையில் ஒரு புழு,
தின்றது வயிற்றில் ஓடுவதுகூடத் தெரிந்தது.
ஒரு மூலையில் எச்சம்
கடுகில் கால்வாசி, கால்வாசியாய்
பெருக்கி ஒதுக்கியதுபோல.
வெளிச்சம் பட்டதும் பின்பக்கமாகவே ஓடியது.
ஓட இடமில்லை.

போன மாதம் நான் மலையில் இருந்த ஒரு பகலில்
வீட்டுக்காரர் மாற்றுச்சாவி போட்டு
என் அறையைத் திறந்திருக்கிறார்.
குழாய் பார்க்கத்தான்.
எதுவும் காணாமல் போகவில்லை.
சீப்பு மட்டும்
வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது.

திரும்பச் சுருட்டினேன்.
விட்டால் விரிந்தது.
இன்னொரு முறை, எச்சில் தொட்டு. விரிந்தது.
கடைசியில் படிவங்களைக் கோத்திருந்த குண்டூசியை உருவி
இரண்டு விளிம்பையும் சேர்த்துக் குத்தினேன்.
புழுவைக் குத்தவில்லை என்று
இதை எழுதும்போதும் சொல்லிக்கொள்கிறேன்.
பிரிந்த தாளில் ஒன்று ஓடையோடு போனது.
நல்லவேளை, மிளகு.
பூஜ்யத்தைத் திரும்ப எழுதுவது சுலபம்.

அடுத்த வியாழன் போனபோது
குண்டூசி துருவேறி
இலையில் செம்மண் நிற வளையம் விட்டிருந்தது.
உள்ளே யாருமில்லை.
என் தையலை நம்பவில்லைபோலும்.
மூன்று இலை தள்ளி, எட்டாத உயரத்தில்
புதிதாய் ஒன்று சுருண்டிருந்தது.
கிளையை வளைத்தால் எட்டும்.
வளைக்கவில்லை.

ஆடி முடிகிற வாக்கில்
நிழற்குடையின் டியூப் லைட்டுக்குக் கீழே
கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது
ஈரக் காப்பித் தொலி நிறத்தில் ஒன்று
மடியில் விரித்த தாளில் வந்து உட்கார்ந்தது.
என் சுண்டுவிரல் நகமளவு.
கூரைபோல் இறக்கிய சிறகில்
சாய்வாக ஒரு கோடு,
ஆள் பார்த்துப் போட்ட கையெழுத்தாட்டம்.

அதுதானா என்று எனக்கெப்படித் தெரியும்.
ஓடையோரம் எத்தனையோ இருக்கும்.
நான் எண்ணியதில்லை.

'மொத்தம்' என்ற கட்டத்தின் மேல்
நகராமல் உட்கார்ந்திருந்தது.
எட்டும் நான்கும் எத்தனை என்று
பஸ் வெளிச்சம் வளைவில் திரும்பும்வரை
நான் கூட்டவில்லை.